உப்பு விற்ற கமலாதேவி

வியாபாரம் செய்த பெண்கள் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அன்னை கதீஜா (ரழி) அவர்கள். அவர்களுடைய வரலாற்றைச் சிறு வயது முதலே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்த இதழுக்காக நான் எழுத எடுத்துக்கொண்டவர் நம் காலத்துக்குச் சற்று நெருங்கியவர். அவர் பெயர் கமலாதேவி சட்டோபாத்யாய்.

உயர்தர வணிகக் கல்விப் பாடத்தில் முயற்சியாளர் என்பவர் யார் என்று நாம் படிக்கிறோம். இலாபத்தை எதிர்பார்த்து, நட்டம் வந்தால் அதற்கும் முகங்கொடுக்கத் துணிந்து தொழில் தொடங்குபவர் என்று குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரைவிலக்கணத்துக்குள் கமலாதேவி முழுதாக அடங்கமாட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு கடையும் இருக்கவில்லை. ஆனால் இந்தியத் தலைநகரின் பெயர்பெற்ற கடையொன்றைத் தூக்கி நிறுத்தியவர் அவர். சுதந்திரப் போராட்டத்தில் பல தடவை சிறை சென்றவர். நமது மலையகத்துக்கும் வந்து தோட்டத் தொழிலாளர் முன் பேசியவர். விற்பதையே ஒரு போராட்டமாகச் செய்து காட்டிய அந்தப் பெண்மணியைப் பற்றி நான் வாசித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மங்களூரில் ஒரு சிறுமி

கமலாதேவி 1903 ஏப்ரல் 3ஆம் திகதி, இந்தியாவின் மேற்குக் கரையில் உள்ள மங்களூரில் பிறந்தார். தந்தை அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். தாய் கிரிஜாபாய் வாசிப்பிலும் பொது விடயங்களிலும் ஆர்வமுள்ளவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை.

கமலாதேவிக்கு 7 வயதானபோது தந்தை காலமானார். அவர் மரண சாசனம் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவிக்கும் மகளுக்கும் அதில் உரிமை இல்லை. மாதாந்தம் ஒரு சிறு தொகை தரலாம் என்று சொல்லப்பட்டபோது கிரிஜாபாய் அதை வாங்க மறுத்துவிட்டார். தாம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனத்தை வைத்தே மகளை வளர்த்தார். நேற்றுவரை தனது என்றிருந்த வீடு ஒரே நாளில் பிறருடையதாகிப் போனதை அந்தச் சிறுமி கண்ணால் கண்டாள். உழைப்பவருக்கும் வீட்டைக் காப்பவருக்கும் ஏன் கணக்கில் இடமில்லை என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது அதே கேள்வியைத்தான்.

14 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டு வருடங்களுக்குள் கணவர் இறந்துபோனார். விதவைப் பெண்ணை வீட்டின் ஒரு மூலையில் இருத்திவைக்கும் காலம் அது. கமலாதேவியோ படிப்பைத் தொடர்ந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் படித்த காலத்தில், கவிஞர் சரோஜினி நாயுடுவின் தம்பியும் நாடக ஆசிரியருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயைச் சந்தித்து மறுமணம் செய்துகொண்டார். உறவினரும் ஊராரும் எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பின்னர் லண்டன் சென்று சமூகவியல் படித்தார். அங்கிருந்தபோதுதான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பற்றி அறிந்தார். 1923இல் நாடு திரும்பி அதில் இணைந்தார். அவருக்கு ஒரு மகன். கணவருடன் ஏற்பட்ட வாழ்க்கை பின்னாளில் மணமுறிவில் முடிந்தது.

உப்புப் பொட்டலம்

1926இல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் கமலாதேவி போட்டியிட்டார். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்ட முதற் பெண் அவரே. ஆயத்தம் செய்யச் சில நாட்களே இருந்தும் மிகச் சொற்ப வாக்குகளால்தான் தோற்றார். அடுத்த வருடம் அகில இந்திய மகளிர் மாநாடு உருவானபோது அதன் அமைப்புச் செயலாளராகி, பெண் கல்விக்காகவும் சிறுவயதுத் திருமணத்துக்கு எதிராகவும் ஊர் ஊராகச் சென்றார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அந்நாளில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. கடல் நீரைக் காய்ச்சி வீட்டில் ஒருவர் உப்பு எடுத்தாலும் குற்றம். ஏழையின் கஞ்சியில் போடும் உப்புக்கும் வரி கட்ட வேண்டும். இதை எதிர்த்துக் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையை நோக்கி நடந்தபோது அந்த அணியில் பெண்கள் எவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கமலாதேவி வழியிலேயே அவரைச் சென்று சந்தித்து, பெண்களும் இப்போராட்டத்தில் இறங்க இடம் தர வேண்டும் என்று வாதாடினார். காந்தியடிகள் இணங்கினார். அதன் பின்னர் ஆயிரக்கணக்கான பெண்கள் வீதிக்கு வந்தார்கள்.

பம்பாயில் உப்புச் சட்டத்தை மீறும் முதல் அணியில் கமலாதேவியும் ஒருவர். கடற்கரையில் அடுப்பு மூட்டி உப்புக் காய்ச்சியதோடு அவர் நின்றுவிடவில்லை. அதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கப் புறப்பட்டார். உயர் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்த நீதவானிடமே உப்பு வேண்டுமா என்று கேட்டார். பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள் நுழைந்து, பணம் புரளும் அந்த இடத்தில் வியாபாரிகளிடம் உப்பு விற்றார். அதற்காகவே கைது செய்யப்பட்டு ஏறத்தாழ ஒரு வருடம் சிறையில் இருந்தார்.

அவர் வாழ்க்கையில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். கடற்கரையில் உப்புக் காய்ச்சியவர்கள் பலர். கமலாதேவி அந்த உப்பை ஒரு பண்டமாக்கி மற்றவர் கையில் கொடுத்தார். ஒரு பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கியவரும் அந்தக் கணமே சட்டத்தை மீறியவராகிவிடுகிறார். விற்பவர் ஒருவர், வாங்குபவர் நூறு பேர். ஒரு கடைக்காரரின் மூளையால் போராட்டத்தை அவர் பெருக்கினார்.

மலையகத்துக்கு வந்த விருந்தினர்

1937இல் லங்கா சமசமாஜக் கட்சியின் அழைப்பில் கமலாதேவி இலங்கைக்கு வந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி, தமது 34ஆவது பிறந்த நாளில், நாவலப்பிட்டியில் சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் பேசினார். தோட்டத்துக்குள் வெளியார் காலடி வைப்பதற்கே துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் மேடையேறிப் பேசுவதைக் கேட்ட கொழுந்து பறிக்கும் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

அதே மேடையில் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரும் இருந்தார். தோட்டத்துறை பழகுவதற்காக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையிழந்தவர் அவர். அந்தக் கூட்டம் நடந்து மூன்று வாரங்களுக்குள் அவரை நாடுகடத்த ஆளுநர் கட்டளையிட்டதும், அக்கட்டளை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்ததும் இலங்கை வரலாற்றில் புகழ்பெற்ற சம்பவங்கள். நம் பாட்டனார் காலத்து மலைநாட்டுக் கூட்டமொன்று அந்தப் பெரிய வழக்கின் தொடக்கத்தில் இருக்கிறது. கமலாதேவியும் அங்கே இருக்கிறார்.

பின்னர் அவர் அமெரிக்கா, சீனா, ஜப்பான் என்று பல நாடுகளுக்குப் போனார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டியை விட்டு எழும்பும்படி டிக்கெட் பரிசோதகர் சொன்னபோது அவர் எழும்ப மறுத்தார். இந்தியாவிலிருந்து வந்த விருந்தினர் என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. கறுப்பின மக்களோடு சேர்த்தே தம்மையும் கணக்கிட்டுக்கொண்டார்.

கூடாரத்திலிருந்து தொழிலுக்கு

1947இல் இந்தியா சுதந்திரமடைந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. வீடு வாசலை விட்டு ஓடிவந்த இலட்சக்கணக்கானோர் டெல்லியைச் சுற்றி முகாம்களில் தங்கினார்கள். கமலாதேவியின் பல தோழர்கள் அமைச்சராகவும் தூதுவராகவும் பதவியேற்ற நேரம் அது. அவர் எந்தப் பதவியையும் நாடவில்லை. 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை ஆரம்பித்தார்.

வடமேற்கு எல்லைப் பிரதேசத்திலிருந்து வந்த சுமார் 50,000 அகதிகளுக்காக டெல்லிக்கு அருகே பரீதாபாத்தில் ஒரு புதிய நகரம் எழுந்தபோது, ஒப்பந்தக்காரரை விட்டு வீடுகள் கட்டுவதற்குப் பதிலாக அகதிகளே தங்கள் வீடுகளைக் கட்டி அதற்குச் சம்பளமும் பெறும் வழி பிறந்தது. அதில் கமலாதேவியின் ஒன்றியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இலவச உணவு பசியைத் தீர்க்கும்; ஆனால் ஒரு மனிதர் மீண்டும் நிமிர்ந்து நிற்க அவருக்குத் தொழில் வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

இந்தப் பகுதியை வாசித்தபோது என்னால் மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அப்போது நான் சிறு பிள்ளை. எங்கள் வீட்டில் உம்மாவும் அயலவர்களும் சோற்றுப் பார்சல் கட்டியது எனக்கு நினைவிருக்கிறது. நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் லொறிகளில் சாமான்கள் வந்தன. பிறகு லொறிகள் வருவது நின்றது. தப்பியவர்கள் நீண்ட காலம் முகாமில் இருந்து, பின்னர் பூனாகலைப் பக்கம் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குப் போனார்கள். வீடு கிடைத்தது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுக்குப் பிறகு என்ன என்பதைக் கமலாதேவி 1948இலேயே கேட்டிருக்கிறார். பிழைத்தவர் கையில் என்ன தொழில் இருக்கிறது, அதை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார்?

கடை பிறந்த கதை

அதற்கு அவர் கண்ட விடைகளில் ஒன்று ஒரு கடை. இந்திய அரசாங்கம் கைவினைப் பொருட்களை விற்க டெல்லியில் ஓர் அங்காடியைத் திறந்திருந்தது. யுத்த காலத்துப் பழைய இராணுவக் கட்டடத்தில் இயங்கிய அந்த மத்திய குடிசைக் கைத்தொழில் அங்காடி சரிவர நடக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் அதைக் கமலாதேவியின் கூட்டுறவு ஒன்றியம் பொறுப்பேற்றது.

கைவினைஞரின் சிக்கல் என்னவென்று அவருக்குத் தெரியும். நெசவாளரோ குயவரோ தனித்தனியாக வீட்டிலிருந்து வேலை செய்கிறார். கையில் முதல் இல்லை. நூலையும் சாயத்தையும் ஒரு வியாபாரியிடம் கடனுக்கு வாங்குகிறார். கடனைக் கட்டுவதற்காக, செய்த பொருளை அதே வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். பட்டணத்தில் அது என்ன விலைக்குப் போகிறது என்று செய்தவருக்குத் தெரியாது. யார் செய்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளுக்கும் நடுவில்தான் இலாபம் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஆலைப் பொருட்கள் மலிவாக வந்து குவிய, பல தொழில்கள் அழியும் நிலைக்கு வந்திருந்தன.

கமலாதேவியும் அவருடன் சேர்ந்த பெண்களும் இளைஞர்களும் கிராமம் கிராமமாகச் சென்று கைவினைஞரைத் தேடினார்கள். தரமான பொருளைத் தெரிந்தெடுத்தார்கள். பட்டணத்து வீடுகளுக்கு ஏற்ற அளவும் வடிவமும் எவை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரிதாபத்துக்காக ஒருவர் ஒரு தடவைதான் வாங்குவார், பொருள் நன்றாக இருந்தால் மறுபடியும் வருவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அங்காடி வெளிநாட்டினரும் தேடிவரும் இடமாகியது. இன்றும் டெல்லி ஜன்பத்தில் அரசு நிறுவனமாக இயங்குகிறது.

1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தபோது அதன் தலைவரானார். சுமார் 20 வருடங்கள் அதை நடத்தினார். துணியில் எழுதுகோலால் சித்திரம் தீட்டும் காளஹஸ்தியின் கலம்காரி, ஜெய்ப்பூரின் நீல நிற மட்பாண்டம் போன்ற தொழில்கள் மறைந்துபோகாமல் இன்றும் இருப்பதற்கு அவர் காலத்து முயற்சிகள் பெரிய காரணம். 1964இல் சென்னையில் இந்தியக் கைவினைக் கழகத்தை அமைத்தார். 1966இல் மக்சேசே விருது பெற்றார். அவர் முயன்றும் எல்லாக் கைவினைஞரும் வறுமையிலிருந்து மீண்டுவிடவில்லை. ஆனால் செய்தவரின் பெயரைச் சொல்லி விற்க வேண்டும் என்ற பழக்கத்தை ஒரு பெரிய நாட்டுக்கு அவர் கற்றுக் கொடுத்தார்.

லிப்டனும் கமலாதேவியும்

நமது ஊவாவில் இன்னொரு கடைக்காரரின் பெயர் மலையுச்சியில் நிற்கிறது. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கைக்குச் சுற்றுலா போகாத பாடசாலைப் பிள்ளைகள் நம்மில் குறைவு. தோமஸ் லிப்டன் ஸ்கொட்லாந்தில் பலசரக்குக் கடை நடத்தியவர். 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கி, இடைத்தரகர்களை நீக்கி, தேயிலையைப் பைக்கற்றில் அடைத்து மலிவாக விற்றார். அவரும் ஒரு கெட்டிக்கார முயற்சியாளர்தான்.

இருவரும் இடைத்தரகரை நீக்கினார்கள். லிப்டன் நீக்கியபோது மிஞ்சிய காசு வாங்குபவருக்கும் லிப்டனுக்கும் போனது. கமலாதேவி நீக்கியபோது அது செய்தவருக்குப் போக வேண்டும் என்று பார்த்தார். வணிகக் கல்விப் பாடத்தில் இரண்டும் ஒரே அலகுக்குள் வரலாம். கொழுந்துக் கூடை சுமக்கும் ஒருவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. நமது மலையின் தேயிலை உலகம் முழுவதும் போகிறது. பைக்கற்றில் கம்பனியின் பெயர் இருக்கிறது, மலையின் படம்கூட இருக்கிறது. பறித்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

என் வாப்பா சிறிய புடவைக்கடை ஒன்று நடத்துகிறார். தோட்டத்து அக்கா ஒருவர் வெட்டுத் துணிகளை முறுக்கித் தைத்த கால்மிதிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். விற்ற பின்னர் காசு வாங்கிச் செல்வார். கமலாதேவியைப் பற்றி வாசித்த பிறகு ஒரு நாள் நானும் அந்த அக்காவும் உட்கார்ந்து, கணக்கீட்டுப் பாடத்தில் படித்தபடி ஒரு கால்மிதிக்கு என்ன செலவாகிறது என்று எழுதினோம். துணிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று அவர் சரியாகச் சொன்னார். ஊழியச் செலவு என்ற இடத்தில் எதை எழுதுவது என்று கேட்டேன். அதற்கு ஒன்றும் இல்லை, அது வீட்டிலிருந்து தானே செய்வது என்றார். ஒரு கால்மிதிக்கு ஒரு முழு மாலைப் பொழுது போகிறது. அந்த மாலைக்கு அவர் போட்டிருந்த விலை பூச்சியம்.

வாப்பாவிடம் சொன்னேன். வாங்க வருபவர்களும் தோட்டத்து ஆட்கள்தானே, விலையைக் கூட்டினால் யார் வாங்குவார் என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். கடைசியில் விலையைக் கொஞ்சம் கூட்டுவதென்றும், பாதிக் காசை முன்கூட்டியே கொடுப்பதென்றும் இருவரும் பேசி முடித்தார்கள். இப்போது கால்மிதிகள் முன்னரைவிட மெதுவாகத்தான் விற்பனையாகின்றன. ஆனால் அக்கா அடுத்த தடவை பட்டியல் எழுதும்போது ஊழியச் செலவு என்ற வரியைத் தானாகவே எழுதினார்.

கமலாதேவி 1988 ஒக்டோபர் 29ஆம் திகதி பம்பாயில் தமது 85ஆவது வயதில் காலமானார். அதற்கு முந்தைய வருடம் பத்ம விபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அவர் மறைந்து 26 வருடங்களின் பின்னர் அதே திகதியில்தான் மீரியபெத்த மலை சரிந்தது. இது தற்செயல்தான். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது மண்ணுக்குள் போனவர்களுக்காக நாம் துஆச் செய்கிறோம். மிஞ்சியிருப்பவர்களின் கைத்தொழிலைப் பற்றியும் அன்று சிறிது பேசலாம்.

சகோதரிகளே, நம்மில் பலர் வணிகம் படிக்கிறோம். சிலர் நாளை கடை வைப்போம், சிலர் வங்கியில் வேலை செய்வோம், சிலர் வீட்டிலிருந்து தைத்தும் சமைத்தும் விற்போம். பெற்றோர்களே, உங்கள் மகள் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் ஒரு விலை உண்டு. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். உப்பு மிக மலிவான பொருள். அதை யார் விற்கிறார், எங்கே விற்கிறார், எதற்காக விற்கிறார் என்பதால் அதன் பெறுமதி மாறியது. நமது மலைநாட்டில் செய்யப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஒரு விற்பனையாளர் கிடைக்க வேண்டும். அவர் இந்தக் கல்லூரியிலிருந்தும் வரலாம்.